என் வாக்கியம், கம்பெனியின் சொத்து

கம்ப்யூட்டருக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கும் வேலையில் மாணவன் வாத்தியாரை மறப்பதில்லை. வாத்தியார் எழுதியதை வரிக்கு வரி ஞாபகம் வைத்திருந்து, தானே எழுதியதாகச் சொல்லிவிடுகிறான். புனேயில் பத்துப் பன்னிரண்டு வருடம் இந்த மாணவனோடு மாரடித்தவள் நான். உழைப்பது ஒருவர், ஃபைலில் பெயர் இன்னொருவருடையது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆபீஸ் போய்வருகிற எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களும் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். துணைக்கு ஆள் இருந்தால் எனக்கும் ஆறுதல்.

ஏழு நோட்டு

நான் பிறந்து வளர்ந்தது புனேயை ஒட்டிய கட்கியில். அப்பாவுக்கு ராணுவத்துக்குக் குண்டு செய்கிற ஃபேக்டரியில் வேலை. எங்கள் குவார்ட்டர்ஸ் லைனில் பாதி வீடு வேலூர்ப் பக்கத்துத் தமிழர்கள். கல்யாணமாகி ஊரிலிருந்து புதிதாக வரும் பெண்கள் ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் மராத்தி தெரியாமல் திருதிருவென்று முழிப்பார்கள். அவர்களுக்காகக் கல்லூரியில் படிக்கும்போது ஒரு மராத்தி–தமிழ் அகராதி எழுத ஆரம்பித்தேன். வெறும் அர்த்தம் மட்டும் இல்லை; ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு மொழியிலும் ஐந்தைந்து வாக்கியம். அத்தனை வாக்கியத்துக்கு எங்கே போவது? கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிடித்துப் போட்டேன். அப்பாவின் மூட்டுவலி, காலையில் காற்று மட்டும் வரும் குழாய், பக்கத்து வீட்டு அங்காயம்மா அத்தை என்று எல்லோரும் உள்ளே வந்தார்கள். 'வாந்தி' என்ற சொல்லுக்கு எழுதியது இது: 'அங்காயம்மா அத்தை கடக்வாஸ்லா அணையைப் பார்க்கப் போகும்போது பஸ்ஸில் வாந்தி எடுத்தாள்.' நிஜமாக நடந்ததுதான். எழுதி எழுதி ஏழு நோட்டு நிரம்பியது. என்றைக்காவது அதைப் புத்தகமாகப் போட வேண்டும், அட்டையில் என் பெயர் இருக்க வேண்டும். எனக்கு இருந்த ஒரே பேராசை அதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் புனேயிலேயே ஔந்தில் ஒரு ஃபிளாட்டுக்குள் நடந்த சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. மராத்தியைத் தமிழாக்குகிற மெஷின் செய்கிறார்கள். முதலாளி தாம்லே சார், டீ வந்துவிட்டதா என்று கேட்பதற்குள்கூட இரண்டு தடவை 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' சொல்லிவிடுவார். சேர்ந்த வாரத்திலேயே வாய் சும்மா இராமல் நோட்டு விஷயத்தை அவரிடம் சொன்னேன். மறுநாளே கொண்டுவரச் சொன்னார். டைப் செய்துகொண்டு திருப்பித் தருவதாகச் சொன்னார். ஒரு துண்டுச் சீட்டில்கூட எழுதி வாங்கிக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. ஏழு நோட்டையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு அவர் இந்தியில் சொன்னார்:

"இனிமே உங்க நோட்டைக் கரையான் அரிக்குமேங்கற கவலையே வேணாம், மேடம்!"

யாருடைய அப்பா?

அந்த மெஷினின் சாமர்த்தியம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு மராத்தி வாக்கியம் கொடுத்தால், என் நோட்டுகளிலிருந்து ஏற்றிய வாக்கியங்களில் அதற்குக் கிட்டத்தட்டப் பொருந்துவதைத் தேடிப்பிடிக்கும். அதில் ஓரிரு சொல்லை மாற்றிக் கொடுக்கும். மாற்றத் தெரியாவிட்டால் நான் எழுதியதை அப்படியே கக்கும்.

ஒருநாள் டெல்லியிலிருந்து நான்கு அதிகாரிகள் பார்க்க வந்தார்கள். அதில் ஒருவர் தமிழர். 'டாக்டர் மருந்து கொடுத்தார்' என்று மராத்தியில் தாம்லே சார் டைப் அடித்தார். திரையில் வந்தது: 'டாக்டர் அப்பாவின் மூட்டுவலிக்கு மருந்து கொடுத்தார்.' தமிழ் அதிகாரி அதைப் படித்துவிட்டு, யார் இந்த அப்பா, மூட்டுவலி எங்கிருந்து வந்தது என்று கேட்டார். மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நான் வாயைத் திறப்பதற்குள் தாம்லே சார் முந்திக்கொண்டார். மெஷின் தானாகவே யோசித்து விவரம் சேர்க்கிறது, இதற்குப் பெயர்தான் செயற்கை அறிவு என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் அப்பா கட்கியில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். இங்கே அவரை ஒரு மெஷின் யோசித்துக் கண்டுபிடித்ததாம்.

சிரித்தபடி எழுந்த அதிகாரி, கம்ப்யூட்டரின் தலையில் தட்டிக்கொடுத்துச் சொன்னார்:

"பரவாயில்லையே, பெத்த பிள்ளைங்களைவிட மெஷினுக்கு அப்பா மேல அக்கறை ஜாஸ்தியா இருக்கே!"

கேப் கிளம்பிவிடும்

இரண்டாயிரம் பிறந்த கொஞ்ச காலத்தில் கம்பெனி ஊருக்கு வெளியே ஐ.டி. கம்பெனிகள் இருக்கிற ஹிஞ்சேவாடிக்குப் போனது. கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் அடையாள அட்டை, எங்கே பார்த்தாலும் ஏசி. கூடவே மனிதவளத் துறை என்று ஒன்று முளைத்தது. அதிலிருந்து ரேணுகா என்கிற பெண் ஒருநாள் சாயங்காலம் 'அறிவுசார் சொத்துக் கொள்கை' என்ற படிவத்தோடு என் மேஜைக்கு வந்தாள். ஊழியர் வேலைக்குச் சேர்வதற்கு முன்பு எழுதியதோ பின்பு எழுதியதோ, எதுவானாலும் மெஷினுக்குள் போயிருந்தால் அது கம்பெனிக்குச் சொந்தம். மெஷினிலிருந்து வெளியே வருவதும் கம்பெனிக்குச் சொந்தம். சாராம்சம் இவ்வளவுதான்.

'முன்பு' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு என் ஏழு நோட்டு ஞாபகம் வந்தது. பேனாவால் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அடித்தல் திருத்தல் கூடாது என்று ரேணுகா புதுப் படிவம் நீட்டினாள். நாளைக்குத் தருகிறேன் என்றேன். இன்றைக்கே வேண்டும் என்றாள். கீழே கம்பெனி கேப் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. ஹிஞ்சேவாடியில் கேப்பை விட்டால் என்ன கதி என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த டிராஃபிக்கில் மூன்று வண்டி மாறிக் கட்கி போய்ச் சேருவதற்குள் உயிர் போய் உயிர் வரும். போட்டேன் கையெழுத்தை. ஏழு நோட்டை ஒரு கேப்புக்காக எழுதிக்கொடுத்த புத்திசாலி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர்கள் மேல் வருகிற கோபத்தில் கால்வாசியாவது என் மேலேயே வருவது இதனால்தான்.

பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்கு ஓடும்போது ரேணுகா பின்னாலிருந்து சொன்னாள்:

"எல்லாரும் சும்மா சைன் பண்ணிட்டுப் போறாங்க மேடம், நீங்க ஒருத்தர்தான் படிச்சுப் பாக்கறீங்க!"

கரும்பும் சர்க்கரையும்

மெஷின் எழுதுவது யாருக்குச் சொந்தம் என்று ஒரு அரசாங்கக் குழு கம்பெனிகளிடம் கருத்துக் கேட்டிருந்தது. எங்கள் கம்பெனி சார்பில் மும்பை வக்கீல் ஒருவர் ஆங்கிலத்தில் பதில் தயாரித்தார். சென்னையில் நடக்கிற கூட்டத்தில் கொடுக்க அதைத் தமிழாக்க வேண்டும். வேலை என்னிடம் வந்தது. நம் மெஷினிடமே கொடுக்கலாமே என்றேன். முக்கியமான டாக்குமென்ட், மனுஷர்தான் செய்ய வேண்டும் என்றார் தாம்லே சார். சொன்னதில் அவருக்கே எந்தத் தவறும் தெரியவில்லை.

மெஷின் தருகிற வாக்கியத்தை எந்த மனிதரும் எழுதவில்லை. ஆகவே மெஷினைச் செய்தவரே சொந்தக்காரர். உள்ளே போகிற வாக்கியங்கள் வெறும் கச்சாப் பொருள். அவற்றுக்கு ஆசிரியர் என்று யாரும் கிடையாது. இதையெல்லாம் என் கையாலேயே நல்ல தமிழில் எழுதினேன். என்னை இல்லை என்று சொல்கிற கடிதத்தைப் பிழையில்லாமல் எழுதுவதற்கும் நான்தான் தேவைப்பட்டேன். எழுதி முடித்து, பிரதியை எடுத்துக்கொண்டு நேராக மீட்டிங் அறைக்குள் போனேன். கச்சாப் பொருளை எழுதிய ஆளுக்கு என்ன உரிமை என்று வக்கீலிடம் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. விவசாயி கரும்பு போடுகிறான், ஆலை சர்க்கரை செய்கிறது, மூட்டையில் விவசாயி பெயரையா அச்சடிக்கிறார்கள் என்று கேட்டார். அறையே சிரித்தது. மகாராஷ்டிராவில் உட்கார்ந்துகொண்டா இந்த உதாரணம் சொல்கிறீர்கள் என்றேன் நான். இங்கே எத்தனையோ சர்க்கரை ஆலைகளில் கரும்பு போடுகிற விவசாயிதான் பங்குதாரர். ஓட்டுப் போட்டுச் சேர்மனைத் தேர்ந்தெடுப்பதும் அவன்தான். தாம்லே சாரின் மாமனாரே சாங்லிப் பக்கம் அப்படி ஒரு ஆலையில் பங்குதாரர். தீபாவளிக்கு அவர் பங்குச் சர்க்கரை வீட்டுக்கு வருவதை வருஷா வருஷம் தாம்லே சாரே எங்களிடம் பெருமையாகச் சொல்வார். அறையில் சிரிப்பு நின்றது. வக்கீல் கண்ணாடியைத் துடைத்தார். தாம்லே சார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்:

"லஞ்ச் வந்தாச்சு, சூடு ஆறிடும், வாங்க வாங்க."

ஒரு கட்டம்

கார்த்திக் கோயம்புத்தூர்ப் பையன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு எங்கள் கம்பெனிக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஆபீஸில் என்னோடு தமிழ் பேசுகிற ஒரே ஜீவன். ஒருநாள் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே என் மேஜைக்கு வந்தான். மெஷின் ஏதோ கதை எழுதுவதுபோல எழுதுகிறது, யாரோ அங்காயம்மா அத்தை பஸ்ஸில் வாந்தி எடுத்தாளாம், எங்கிருந்துதான் இதற்கு இப்படித் தோன்றுகிறதோ என்றான். அங்காயம்மா அத்தை எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வந்தால் இட்லி கொடுப்பாள் என்றேன். முதலில் நம்பவில்லை. ஏழு நோட்டுக் கதையைச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது.

அவன் போய்ப் பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்த்திருக்கிறான். ஔந்தில் டைப் செய்தபோது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் எழுதியவர் பெயருக்கென்று ஒரு கட்டம் வைத்திருந்தார்கள். அத்தனை கட்டத்திலும் 'கோமதி' என்று என் பெயர் இருந்திருக்கிறது. இந்தச் சங்கதி எனக்கே தெரியாது. இப்போதிருக்கிற பதிவில் அந்தக் கட்டமே இல்லை. யார் எடுத்தது என்று கேட்டேன். பையன் தரையைப் பார்த்தான். இரண்டு நாள் அவனோடு நான் பேசவில்லை. இத்தனைக்கும் அவன் மறைக்காமல் சொன்னான்:

"நாந்தானுங்க்கா எடுத்தேன். சேந்த மொத வாரம், எடத்தை அடைக்குது தூக்கிருன்னாங்க, என்ன பேருன்னுகூடப் பாக்கலீங்க்கா, ஒரே கமாண்டுல எல்லாம் போயிருச்சு."

ராஸ்தா பேட்டுக்கு வந்த கடிதம்

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. புத்தகத்தைப் போட்டே தீருவது என்று முடிவு செய்து, தாம்லே சாரிடம் என் நோட்டுகளைக் கேட்டேன். பார்க்கிறேன் என்றார். மூன்று வாரம் பார்த்தார். கடைசியில் ஔந்தைக் காலி செய்தபோது பழைய பேப்பர்காரனிடம் போட்டதில் அதுவும் போயிருக்கும் என்றார். செருப்பு தொலைந்ததைக்கூட யாரும் அவ்வளவு சாதாரணமாகச் சொல்லமாட்டார்கள். அன்றைக்கு நான் கழிப்பறையில் போய் நின்று அழுதேன். ஆத்திரத்தில் வருகிற அழுகை அடங்குவதற்கு நேரமாகும்.

வீட்டில் ஒரே ஒரு பிரதி இருந்தது. முதலில் டைப் செய்தபோது பிழை பார்ப்பதற்கு என்னிடம் கொடுத்த காகிதக் கட்டு. அதை எடுத்துக்கொண்டு பழைய புனேயில் ராஸ்தா பேட்டில் தமிழ் அச்சகம் வைத்திருந்த சபாபதியிடம் போனேன். நல்ல மனிதர். சந்தோஷமாக வேலையை ஆரம்பித்து, புத்தகம் வரப்போகிறது என்று கடை வாசலில் போர்டும் எழுதி வைத்தார். போர்டைப் பார்த்து யார் போய்ச் சொன்னார்களோ, பத்தாம் நாள் அவருக்கு மும்பை வக்கீலிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. இவை எங்கள் மெஷின் உருவாக்கிய வாக்கியங்கள், அச்சடித்தால் வழக்கு. பதறியடித்துக்கொண்டு ஓடினேன். சபாபதி என் காகிதக் கட்டைப் புரட்டிக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் தலைப்பில் கம்பெனியின் பெயர்தான் அச்சாகியிருந்தது. என் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதனால்தான் இன்னும் அதிகமாகச் சுட்டது:

"உங்க வாக்கியமும் அவங்க வாக்கியமும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணுதாம்மா, ஆனா அவங்க காயிதத்துல காட்டறாங்க, நீங்க வாயால சொல்றீங்க."

அத்தை பேசினாள்

தாம்லே சாரும் வக்கீலும் என்னைக் கூப்பிட்டு விசாரிக்க ஒரு நாள் குறித்தார்கள். காகிதத்தில் சாட்சி இல்லை. சரி, உயிரோடு இருக்கிற சாட்சியையே கொண்டுபோகலாம் என்று முடிவு செய்தேன். அப்பாவுக்கு முழங்கால் மடங்கவில்லை. அங்காயம்மா அத்தை கல்யாணத்துக்குப் போவதுபோலப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஹிஞ்சேவாடி வாசலில் செக்யூரிட்டி அவளைத் தடுத்தான். உங்கள் மெஷினுக்குள் இருப்பவள் நான்தான், வழி விடு என்று இந்தியில் ஒரு அதட்டு அதட்டினாள். அவன் பயந்துபோய் விட்டுவிட்டான்.

மீட்டிங் அறையில் நாங்கள் ஐந்து பேர். கார்த்திக்கும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அவனை யாரும் கூப்பிடவில்லை. 'வாந்தி' என்ற சொல்லுக்கு மெஷின் கொடுக்கிற வாக்கியத்தை நான் படித்துக்காட்டி, இவர்தான் அந்த அங்காயம்மா என்றேன். வக்கீல் அவளுக்கு வணக்கம் சொன்னார், மரியாதையில் குறை இல்லை. பிறகு கையெழுத்திட்ட படிவத்தை எடுத்து வைத்தார். உண்மையில் நடந்ததா என்பது கேள்வி இல்லை. வாக்கியம் மெஷினில் இருக்கிறது, கொள்கைப்படி அதன் சொந்தக்காரர் கம்பெனி என்றார். அத்தை என்னிடம், அவர் என்ன சொல்றார் என்று கேட்டாள். சொன்னேன். மேஜையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். இந்தியில் ஆரம்பித்தவள், கோபம் ஏற ஏறத் தமிழுக்கு வந்துவிட்டாள். கார்த்திக் ஒரு வார்த்தை விடாமல் வக்கீலுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வர, அத்தை கேட்டாள்:

"பஸ்ஸுல வாந்தி எடுத்தவ நானு, வயித்தப் பொரட்டுனது எனுக்கு, பொடவைய அலசுனவளும் நானு, அதுக்குக்கூட ஓனரு உங்க கம்பெனியா?"

புது வாக்கியங்கள்

பதில் கடிதமாக வந்தது. அகராதியில் உள்ள சொற்கள் பொதுச் சொத்து. அவற்றை நான் அச்சடித்துக்கொள்ளலாம். வாக்கியங்களைத் தொடக்கூடாது. கூடவே இன்னொரு காரியமும் செய்தார்கள். வம்பு வேண்டாம் என்று மெஷினில் இருந்த பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டார்கள். இப்போது கடக்வாஸ்லா பஸ்ஸில் வாந்தி எடுப்பது 'ஒரு பயணி'. மூட்டுவலி 'ஒரு நோயாளி'க்கு. எங்கள் வீட்டையே காலி செய்து வேறு யாருக்கோ கொடுத்ததுபோல இருந்தது. அன்றைக்கே ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். கேப்பில் வரவில்லை. மூன்று வண்டி மாறித்தான் வந்தேன்.

வாக்கியம்தானே கூடாது? வேறு எழுதுகிறேன் என்று மறுபடி உட்கார்ந்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்து, முதலிலிருந்து, இரண்டு மொழியிலும். இந்தத் தடவை வீட்டு ஆட்களைத் தொடவில்லை. ஒரு கம்பெனியில் எனக்கு நன்றாகப் பழக்கமானவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். 'வாங்கு' என்ற சொல்லுக்கு: 'முதலாளி ஏழு நோட்டை வாங்கிப் பீரோவில் வைத்தார்.' 'பொய்'க்கு: 'விருந்தாளிகள் முன்னால் முதலாளி கூசாமல் பொய் சொன்னார்.' 'வெட்கம்' என்பதற்கு: 'கண்ணாடிக் கட்டடத்தில் ஏசி இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, வெட்கம் இல்லை.' 'திருடன்' வந்தபோது ஐந்து போதவில்லை, எட்டு எழுதினேன். அதில் ஒன்று: 'எல்லாத் திருடனும் சுவர் ஏறிக் குதிப்பதில்லை, சிலர் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குகிறார்கள்.' எழுத மூன்று வருடம் ஆனது. ஒரு நாள்கூடச் சலிக்கவில்லை; கோபத்துக்கு அவ்வளவு சத்து உண்டு. கார்த்திக் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அச்சுக்குப் பக்கம் அமைத்துக்கொடுத்தான். அவன் பெயரை முதல் பக்கத்தில், எந்தக் கமாண்டாலும் எடுக்க முடியாத அளவுக்குக் கொட்டை எழுத்தில் போட்டேன். சபாபதி அச்சடித்தார். அட்டையில் என் பெயர் வந்தது. கட்கிப் பெண்கள் ரேஷன் கடைக்கு எடுத்துப்போகிறார்கள். வாக்கியங்களைப் படித்துவிட்டு வரிசையில் நின்றே சிரிக்கிறார்கள்.

புத்தகம் வந்த இரண்டாம் மாதம் தாம்லே சார் போன் செய்தார். மராத்திப் பகுதியை ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார் என்பது பேச்சிலேயே தெரிந்தது. இதில் வருகிற முதலாளி யார் என்று கேட்டார். யாராகவும் இருக்கலாம் சார், கச்சாப் பொருள்தானே என்றேன். பக்கத்தில் வக்கீல் என் மேல் வழக்குப் போடக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்; ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திக் கேட்டார்:

"நேரா சொல்லுங்க மேடம், இந்த வாக்கியமெல்லாம் எழுதினது நீங்களேதானே, வேற யாரும் இல்லையே?"

அகராதிக்கு ஆசிரியர் ஒருவர் உண்டு என்பதை ஒரு கம்பெனியை ஒப்புக்கொள்ள வைக்க, நாட்டில் எந்தக் கொள்கையும் மாற வேண்டியதில்லை, அவர்களைப் பற்றியே நாலு வரி எழுதினால் போதும்.